இருபதுக்கு இருபது: மழைக்காட்டில் ஒரு நாள்

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, வணக்கம்.

வால்பாறைக்கு அறிவியல் சுற்றுலா என்றதும் அருவி, அணை, காட்சிமுனை என்று நிகழ்ச்சி நிரலை நிரப்பிவிடுகிறோம். பிள்ளைகள் நன்றாகப் பார்ப்பது பேருந்து ஜன்னலைத்தான். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதே போதும். அடுத்த நாளைக் காட்டில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டு, அதற்குள் மரங்களை அளந்து கழியுங்கள். சாகசமும் அறிவியலும் அதற்குள்ளேயே கிடைக்கும்.

ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். நுழைவு அனுமதியை வைத்துக்கொண்டு இலையைப் பறிக்கக் கூடாது. அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தால் போதும். காட்டை அறிந்த காடர் பழங்குடியினர் ஒருவர் உடன் வரட்டும். அவர் "இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்றால், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சதுரம் போடுவதில்தான் முதல் தவறு நடக்கும். மலைச்சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்து 20 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். 30 பாகைச் சரிவில் கிடைமட்டமாக அது 17.3 மீட்டர்தான், அங்கே தரையோடு 23.1 மீட்டர் இழுக்க வேண்டும். அல்லது ஐந்தைந்து மீட்டராக, நாடாவை மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக இறங்குங்கள். மூலைக்கு மூலை 28.28 மீட்டர் வந்தால் சதுரம் சரி. கைபேசி ஜிபிஎஸ்ஸை இதற்கு நம்ப வேண்டாம். மரத்தலைகள் கூடிக் கூரைபோல் அமைந்த அடர்ந்த விதானத்தின் கீழ் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும்.

30 செ.மீ.க்கு மேல் சுற்றளவுள்ள மரங்களை மட்டும் அளக்கலாம். சரிவின் மேல்பக்கம் நின்று, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்ற வேண்டும். கொடி ஏறியிருந்தால் நாடா அதன் அடியில் போகட்டும். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் பலகைவேர் உள்ள மரத்தில், வேர் முடிந்து அரை மீட்டர் மேலே அளக்க வேண்டும்; வேரோடு சேர்த்துச் சுற்றினால் நடுத்தர மரம்கூடக் காட்டின் ராஜாவாகிவிடும். நனைந்த பட்டையில் சுண்ணக்கட்டி பிடிக்காது. அளந்த இடத்தில் சணல் நூல் கட்டுங்கள்.

ஐந்து பேர் ஒரு குழு. இருவர் நாடா பிடிக்க, ஒருவர் எண்ணைச் சொல்ல, ஒருவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி எழுத, ஐந்தாமவர் பாம்பு, குளவிக்கூடு, அட்டை பார்க்க. சில்வண்டு இரைச்சலில் அறுபத்தேழு எழுபத்தாறாகக் கேட்கும். பேனா வேண்டாம், பென்சில். மை கரைந்துவிடும்.

அட்டைக்கு, கால்சட்டையின் மேல் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான துணிக் காலுறை நல்ல காப்பு. கடித்தால் உப்போ தீக்குச்சியோ வேண்டாம். அட்டை உண்டதைக் காயத்தில் கக்கிவிடும், சீழ் பிடிக்க வாய்ப்புண்டு. மெல்லிய முனைதான் வாய். நகத்தை அதன் ஓரமாகத் தோலோடு நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் போன்ற பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் நெடுநேரம் கசியும். கழுவி, துணி வைத்து அழுத்துங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ஓடைக்கு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடனே கரையேறுங்கள். மதியச் சாப்பாடும் ஓடைப் பாறையில் வேண்டாம்.

மாலை நான்கரைக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். விதானத்தின் கீழ் முன்னதாகவே இருட்டும். யானைகளும் தேயிலைத் தோட்டங்களின் வழியே நடமாடத் தொடங்கும். வால்பாறையில் யானை இருப்பதை அறிவிக்கும் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் உண்டு. இரவில் வெளியே பூச்சி பார்க்கத் திட்டமிட்டிருந்தால், விளக்கு எரிந்த அன்று அது ரத்து.

அன்றிரவே தாள்களைப் படம் எடுத்து, சுற்றளவை 3.14ஆல் வகுத்து விட்டம் போடுங்கள். பக்கத்து மரங்கள் முப்பது செ.மீ.யில் இருக்க ஒன்று மட்டும் முந்நூறைத் தாண்டினால், பெரிய மரமாகவும் இருக்கலாம், ஒரு தசமப் புள்ளி விடுபட்டும் இருக்கலாம். அதனால் சணல் நூலை அன்றே அவிழ்க்கக் கூடாது. காலையில் போய் அந்த மரத்தை மறுபடி அளந்த பிறகு, எல்லா நூலையும் எண்ணி எடுத்து வாருங்கள்.