துரத்துவதா, துறைமுகத்தை அடைப்பதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அழிந்துவரும் மீன் இனங்களைத் திருட்டு மீன்பிடியிலிருந்து காப்பாற்ற எது உதவும், கடலில் ரோந்தா, கரையில் கெடுபிடியா? கரைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் கப்பல், செயற்கைக்கோள், ட்ரோன் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் பூமியில் பத்துக்கு ஏழு பங்கு கடல், ஐயா. அதில் நாலு ரோந்துக் கப்பலை விடுவது பெருங்காயத்தைக் கடலில் கரைத்த கதைதான்.

சரி, அவர் கைதட்டல் வாங்கிய 'தண்டர்' கதைக்கே வருவோம். அண்டார்டிகா பக்கம் தடை செய்யப்பட்ட செவுள்வலையை, அதாவது மீனின் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலையைப் போட்டு, டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனை அள்ளிய கப்பல் அது. 2014 டிசம்பரில் சீ ஷெப்பர்ட் என்ற கடல் உயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் கப்பல் அதைத் துரத்தத் தொடங்கியது. 110 நாள் துரத்தல்! கடைசியில் 2015 ஏப்ரலில், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ டோமே தீவு அருகே, தண்டர் மூழ்கியது. மூழ்கும் கப்பலில் கதவுகளை இறுக்கிச் சாத்துவார்கள். இதிலோ திறந்தபடி கட்டி வைத்திருந்தார்களாம். ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா?

வீரக் கதைதான், மறுக்கவில்லை. நண்பர் விட்டுவிட்ட ஒரு வருடத்தை மட்டும் நான் சொல்கிறேன். அந்தக் கப்பல் திருட்டு மீன்பிடிக் கப்பல்களின் கறுப்புப் பட்டியலில் ஏறியது 2006இல். அப்புறம் எட்டு வருடம் பெயரை மாற்றி, கொடியை மாற்றி, மீன் பிடித்துக்கொண்டேதான் இருந்தது. பிடித்த மீனை எங்கோ ஒரு கரையில் இறக்கியிருக்கிறது, யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கரை மூடியிருந்தால் 110 நாள் துரத்த வேண்டிய வேலையே வந்திருக்காதே!

நடுக்கடலிலேயே குளிர்பதனக் கப்பலுக்கு மீனை மாற்றிவிடுவார்களே என்பார் நண்பர். உண்மைதான், மாற்றுகிறார்கள். நல்ல மீனோடு திருட்டு மீன் கலப்பதும் அங்கேதான். ஆனால் அந்தக் குளிர்பதனக் கப்பலும் ஒருநாள் கரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒரு துறைமுகம் விரட்டினால் பக்கத்துத் துறைமுகம் வரவேற்குமே என்றால், அது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 2009இல் துறைமுக நாடுகளுக்கான ஒப்பந்தம் ஒன்றை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு கொண்டுவந்தது. 2016இல் நடைமுறைக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் கப்பலை உள்ளேயே விடாதே, விட்டாலும் மீனை இறக்கவிடாதே என்கிறது அது. எல்லா நாடும் சேரவில்லை, சேர்ந்த நாடுகளிலும் ஆள் பற்றாக்குறை. அப்படியென்றால் ரோந்துக்குப் போடும் பணத்தைத் துறைமுகத்தில் போடுங்கள் என்கிறேன்.

கடைசியாக, ஐரோப்பிய விலாங்கு. அழிவின் விளிம்பில் நிற்கும் மீன். கண்ணாடி மாதிரி இருக்கும் அதன் குஞ்சுகள், ஒரு கிலோ எடையில் சுமார் மூவாயிரம் குஞ்சு தேறும். ஐரோப்பிய ஒன்றியம் அதன் ஏற்றுமதியை 2010இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகளை உயிரோடு கட்டி, சூட்கேஸில் வைத்து, விமானத்தில் கடத்துகிறார்கள். பிடிபடுவது விமான நிலையத்தில், சுங்க அதிகாரியின் கையில். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தச் சூட்கேஸை எந்த ரோந்துக் கப்பல் திறந்து பார்க்கும்?