அசிங்கப்படுத்திய இடத்திலேயே மாட்டிய படங்கள்

வணக்கம் மக்களே. திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருக்கிறேன், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1869 மே 10, இன்றைய யூட்டா மாநிலத்தில் புரொமன்டரி சம்மிட். அமெரிக்காவின் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டு வந்த ரயில் பாதைகள் இணைந்த நாள். இரண்டு இன்ஜின்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் கை குலுக்குகிறார்கள், பாட்டிலை நீட்டுகிறார்கள், ஒரே குஷி. மேற்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பத்தாயிரத்துக்கும் மேல். இந்தப் படத்தில் அவர்களைத் தேடித்தான் பாருங்களேன்! 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது.

நியூயார்க்கில் லாண்டரிக் கடை வைத்திருந்த ஒரு சீனரின் மகன் கார்க்கி லீ. பள்ளியில் படிக்கும்போது பார்த்த இந்தப் படம் அவரை விடவே இல்லை. பின்னாளில் புகைப்படக்காரர் ஆனார். 2014இல் அந்தத் தொழிலாளர்களின் வாரிசுகளை அதே புரொமன்டரியில் திரட்டி, இன்ஜின்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். வேறு எங்காவது எடுத்திருந்தால் அது வெறும் குரூப் போட்டோ.

ஓவியர் அமண்டா பிங்போதிபாக்கியா செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். பெற்றோர் தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கொரோனா தொடங்கிய சமயம், நியூயார்க் சப்வே ரயிலில் இவரைப் பார்த்து ஒருவர் அருவருப்பாக ஏதோ சொல்லிவிட்டு விலகி ஓடியிருக்கிறார். 2020 நவம்பரில் புரூக்ளினின் அட்லாண்டிக் அவென்யூ-பார்க்லேஸ் சென்டர் சப்வே நிலையத்தில் இவருடைய ஓவியங்கள் வந்தன. கண்ணைப் பறிக்கும் நிறங்கள், பூக்கள், நிமிர்ந்து பார்க்கும் ஆசிய முகங்கள். உங்கள் நோய்க்கு நான் காரணமில்லை, இது எங்களுக்கும் வீடுதான் என்றெல்லாம் எழுத்துகள். மியூசியத்தில் மாட்டியிருந்தால், ஏற்கெனவே ஒத்துக்கொள்கிறவர்கள்தான் போய்ப் பார்த்திருப்பார்கள். இங்கே ரயில் பிடிக்க ஓடுகிற எல்லோருமே அந்த முகங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2021 மார்ச்சில் அட்லாண்டாவில் துப்பாக்கிச்சூட்டில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஆறு பேர் ஆசியப் பெண்கள். அதையொட்டி டைம் பத்திரிகையின் அட்டைக்கு வரைந்தவரும் இவரே.

சரி, கமெண்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார், இதெல்லாம் சீனாக்காரர்கள் பிரச்சினைதானே, நமக்கென்ன என்று. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு தலைப்பாகையைப் பார்த்தே சீக்கியர்களை அடித்தார்கள், அரிசோனாவில் ஒருவரைச் சுட்டே கொன்றார்கள். அப்போது அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு சீக்கியரைப் படமெடுத்தவர் யார் தெரியுமா? இதே கார்க்கி லீ. அடிக்கிறவன் பாஸ்போர்ட் பார்த்தா அடிக்கிறான்?

கார்க்கி லீ 2021 ஜனவரியில் கொரோனாவால் காலமானார். நியூயார்க்கின் சைனாடவுனில் மாட் தெருவும் மாஸ்கோ தெருவும் சேரும் மூலையில் அவர் பெயரில் பலகை வைத்திருக்கிறார்கள். சின்னப் பலகைதான், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள் ஏராளம், அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.