சீல் காட்டிய ஆழம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, விழாக் குழுவினரே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடியே கேட்கும் மாணவத் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

சீல் என்னும் கடல்நாய், பென்குயின், திமிங்கிலம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென்முனைக் கடலில் இரைதேடும் பெரிய உயிர்கள் இவை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அந்த ஆழத்தை நமக்குச் சொல்பவை இவைதாம்.

யானைச் சீலின் தலைமயிரில் ஒரு சின்னக் கருவியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். முழுவளர்ச்சி அடைந்த ஆண் சீல் மூன்று நான்கு டன் இருக்கும். அதற்கு இது ஒரு பாரமே இல்லை. இரை தேடிப் பல நூறு மீட்டர் முங்கும், சில வேளை 2,000 மீட்டரையும் தாண்டும். வழியெல்லாம் கருவி நீரின் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொள்ளும். மூச்சுவிடத் தலையை நீட்டுகிற அந்த இரண்டொரு நிமிடத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் போய்விடும். ஆண்டுக்கொரு முறை மயிர் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும்.

கிழக்கு அண்டார்க்டிகாவில் டார்ன்லி முனை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கப்பல் போவது பெரும்பாடு. கடல் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்பட்டு, கனத்த குளிர்நீர் அடியில் இறங்கி உலகக் கடல்களின் அடித்தளம் முழுக்கப் பரவுகிறது. இந்த நீர் பிறக்கும் இடங்களாக மூன்றைத்தான் உறுதியாக அறிந்திருந்தார்கள். நான்காவது டார்ன்லி முனையருகே என்று ஜப்பானிய அறிவியலாளர்கள் 2013-இல் நிறுவினார்கள். கடலடியில் நிறுத்திய கருவிகளோடு சாட்சி சொன்னவை யார் தெரியுமா? அந்தக் குளிரில் அங்கே மீன் தேடப் போன சீல்கள்!

அப்புறம் பேரரசப் பென்குயின். 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அவை குஞ்சு வளர்க்கும் கடற்பனித்தளம் முன்கூட்டியே உடைந்தது. குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கவில்லை. ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள்.

இப்படி மாறுகிற கடலில்தான் பென்குயினுக்கும் திமிங்கிலத்துக்கும் இரையான கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை நாம் வலைபோட்டு அள்ளுகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே! தென்முனைக் கடலின் உயிர்வளத்தைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் அங்கே ராஸ் கடலுக்கு 2016-இல் காப்பகம் கொடுத்தது. கிழக்கு அண்டார்க்டிகா, வெடல் கடல், அண்டார்க்டிகத் தீபகற்பம் மூன்றும் காப்பகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. அந்த ஆணையத்தின் உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலும் முடிவு நின்றுவிடும். நம் இந்தியாவும் அதில் உறுப்பினர்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். திமிங்கிலத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். வாசலில் இந்தக் காப்பகங்களைக் கேட்கும் மனு இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.