ஆபரேஷன் ஆன கால்ல 20 கிலோ மட்டும் ஊனுறது எப்படி?

[திரையில்: முள் ஓடுற எடை மெஷின், பக்கத்துல அதே உயரத்துக்கு ஒரு பலகை]

"இந்தக் கால்ல 20 கிலோ வரைக்கும் ஊனலாம்"னு டாக்டர் சொல்லியிருப்பார். அந்த 20 கிலோவை வலியை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. வலி மாத்திரை போட்டிருந்தாலோ, சர்க்கரை நோயால பாதம் மரத்துப் போயிருந்தாலோ, அளவு தாண்டினாலும் வலிக்காது.

முள் மெஷின்தான் வசதி. டிஜிட்டல்ல பல மாடல் ஒரு எண்ணைக் காட்டி அப்படியே நின்னுடும், எடை ஏறி இறங்குறது தெரியாது. பலகை எதுக்குன்னா, ரெண்டு காலும் ஒரே மட்டத்துல இல்லேன்னா இடுப்பு சாய்ஞ்சு அளவே தப்பாயிடும்.

[திரையில்: பாதங்கள் கிட்டத்துல]

நல்ல கால் பலகை மேல, ஆபரேஷன் ஆன கால் மெஷின் மேல. ரெண்டு கையிலயும் ஊன்றுகோல். மெதுவா எடையை மாத்துங்க. முள் 20-ஐத் தொட்டதும் நிறுத்தி, உள்ளங்கை கைப்பிடியை எவ்வளவு அழுத்துதுன்னு கவனிங்க. மீதி எடையில ஒரு பங்கைக் கைதான் தாங்குது, அதனால அந்த அழுத்தத்தைத்தான் மனசுல பதிய வைக்கணும். குனிஞ்சு முள்ளைப் பார்த்தா உடம்பு முன்னால சாயும். நேரா பார்த்துக்கிட்டே "20 வந்துடுச்சு"ன்னு நீங்க முதல்ல சொல்லுங்க, அப்புறம் கூட இருக்கிறவர் எண்ணைப் படிக்கட்டும்.

[திரையில்: ஊன்றுகோலோட ஒரு அடி]

நின்னு பழகின அளவு நடக்கும்போது அப்படியே வராது. நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். பிசியோதெரபிஸ்ட் பக்கத்துல இருக்கும்போது, வழுக்காத தரையில மெஷினை நடக்குற வழியில வெச்சுப் பாருங்க. முதல்ல ஊன்றுகோல் ரெண்டும் முன்னால, அப்புறம் அந்தக் கால் மெஷின் மேல, கடைசியா நல்ல கால். நல்ல கால் தரையை விட்டு எழும்புற நொடியில முள் எங்க போகுதுன்னு பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். உச்சம் பெரும்பாலும் அங்கதான். 20-ஐத் தாண்டி 30, 35-னு போனா அடியைச் சின்னதாக்குங்க, வேகத்தைக் குறைங்க.

அப்பவும் இறங்கலேன்னா ஊன்றுகோல் உயரத்தைப் பாருங்க. கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கணும். ஏற்கெனவே நேரா நீட்டியிருந்தா, தள்ளுறதுக்குக் கைக்கு இடமே இருக்காது. அக்குள் ஊன்றுகோல்னா அக்குளுக்குக் கீழ 2, 3 விரல் இடைவெளி வேணும். அங்க தொங்கினா நரம்பு நசுங்கும்.

பாதத்தைத் தரையில சும்மா தொட்டு வைக்கச் சொல்லியிருந்தா, பயந்துக்கிட்டுக் காலைத் தூக்கியே வெச்சிருக்காதீங்க. தூக்கிப் பிடிக்கிற தசைகளே இடுப்பு மூட்டை அழுத்தும்.

களைப்பானா கை தளரும், கால்ல பாரம் கூடும். அதனால சாயங்காலமும் ஒரு தடவை மெஷின்ல சரிபாருங்க. டாக்டர் அளவைக் கூட்டினா, புது எண்ணுக்கு மறுபடியும் நின்னு பழகிட்டு நடங்க.