பிச்சைக்காரனின் இரண்டு குரல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கணினி ரோல்பிளேயிங் கேமில், அதாவது நாமே ஒரு பாத்திரமாகிக் கற்பனை உலகில் திரிகிற விளையாட்டில், நம்மை ஒன்ற வைப்பது சின்னச் சின்ன நுணுக்கமா, பட்ஜெட்டா? பட்ஜெட்தான் என்று எதிரணித் தம்பி அடித்துப் பேசிவிட்டுப் போனார். எல்லா வசனமும் குரலில் வர வேண்டும், பெரிய நடிகர் பேச வேண்டும், அப்போதுதான் அது உலகமாம். சரி தம்பி, அந்த உலகத்துக்கே போவோம்.

2006இல் ஆப்லிவியன் என்கிற கேம் வந்தது. அதில் வரும் பேரரசருக்குக் குரல் கொடுக்கப் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டையே கூட்டி வந்தார்கள். எப்பேர்ப்பட்ட குரல்! ஆனால் கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பேரரசரைக் கொன்றுவிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், கொலை நடந்திருக்கிறது. அப்புறம் மிச்ச ஊருக்கு? எல்ஃப் என்று கூர்க்காது வைத்த ஓர் இனம் உண்டு; அதில் ஆண் என்றால் எங்கே போனாலும் ஒரே குரல். தெருவில் பிச்சைக்காரன் ஒருவன் கரகரத்த குரலில் காசு கேட்பான். மனசு இளகிக் கொடுப்போம். "ஊரில் என்ன சேதி?" என்று கேட்டதும், அதே வாயிலிருந்து கணீரென்று வேறொருவர் பேசுவார். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றியது.

ஆப்லிவியனைச் செய்த அதே பெத்தெஸ்டா நிறுவனம் 2002இல் செய்த கேம் மாரோவிண்ட். பேச்சு பெரும்பாலும் எழுத்துதான். குகைக்கு வழி கேட்டால், இந்தச் சாலையோடு போ, பாலம் தாண்டித் திரும்பு என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அம்புக்குறி கிடையாது. நோட்டில் எழுதிக்கொண்டு போய், தப்பாகத் திரும்பி, சாம்பல் புயலில் கண் தெரியாமல் அலைந்திருக்கிறேன். அந்த வழி இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆப்லிவியனில் திரையில் வழி காட்டுகிற திசைகாட்டிக் குறியையே பார்த்து நடந்தேன். ஊரை எங்கே பார்த்தேன்? எழுத்தில் ஒரு வரி கூட்ட எழுதுகிறவர் ஒருவர் போதும். குரல் என்றால் நடிகர், ஸ்டுடியோ, டிஸ்க்கில் இடம். செலவு ஏற ஏற, வழி சொல்லுகிற வாய்கள் குறைந்துபோயின என்பது என் கட்சி.

1992இல் வந்த அல்டிமா 7 என்கிற கேமைச் சொல்லாமல் போனால் என் அணியே என்னை மன்னிக்காது. மாவை எடுத்துப் போட்டு, வாளித் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, அடுப்பில் வைத்தால் ரொட்டி! கதைக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. நானோ உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். படம் என்னவோ பொம்மைக் கட்டம் மாதிரிதான் இருக்கும்.

பால்டர்ஸ் கேட் 3 இருக்கிறதே என்று தம்பி கேட்டார். 2023இல் வந்தது, முழுக்க குரல், முகபாவம், பெருஞ்செலவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அதில் அசந்த இடம் எது தெரியுமா? செத்தவனோடு மந்திரம் போட்டுப் பேசலாம்; கொன்றது நாமாக இருந்தால் பிணம் வாய் திறக்காது. மாறுவேஷம் போட்டு வந்தால் பேசிவிடும்! அதைப் பதிவு செய்யவும் பணம் வேண்டும்தான். ஆனால் கொன்றவனோடு பிணம் எப்படிப் பேசும் என்று முதலில் ஒருவர் யோசித்தாரே, அந்த யோசனைக்கு எந்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினார்கள்?

மணியடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணி அம்மா, அந்தப் பிச்சைக்காரனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். எந்தக் குரலில் வேண்டுமானாலும் சொல்லட்டும். வணக்கம்.