வெளிச்சம் வேறு, வெக்கை வேறு

அனைவருக்கும் வணக்கம். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்றொரு செவிலியர் இருந்தார். குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சற்று நேரம் வெயில் காட்டுவார். 1956இல் ஒருநாள், மஞ்சள்காமாலை கண்ட ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். துணியின் முனை மூடியிருந்த இடத்தில் மட்டும் முக்கோணமாக அடர்மஞ்சள். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளிறிப் போயிருந்தது.

இரண்டே ஆண்டுகளில் அது விளக்கொளி சிகிச்சையானது. இன்றும் மஞ்சள்காமாலை கண்ட பச்சிளம் குழந்தைகள் நீல விளக்கின்கீழ் படுத்திருப்பதைப் பார்க்கலாம். தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமியின் வடிவத்தை மாற்றி உடம்பிலிருந்து வெளியேற வைப்பது ஒளிதான். சூட்டுக்கு அதில் வேலையில்லை. (வீட்டில் பச்சிளம் குழந்தையை நேர்வெயிலில் கிடத்தாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.)

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வெளிச்சம் வேறு, வெக்கை வேறு. நமக்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவதுதான். தோலில் வைட்டமின் டி உருவாக்குவது சூரிய ஒளியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா பி (UVB) கதிர். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தால் சூடு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. அதே கதிர் அளவு மீறினால் தோல் வெந்துபோகும், புற்றுநோயும் வரலாம். அப்புறம், கண். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மேகம் மூடிய பகலில்கூடப் பல ஆயிரம். மூளையின் கடிகாரம் காலை ஒளியை வைத்துத்தான் இரவுத் தூக்கத்தின் நேரத்தைக் குறிக்கிறது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், வெளியே நடந்தாலே போதும்.

சரி, வெக்கைக்கு வருவோம். செய்தியில் சொல்லும் 40 டிகிரி நிழலில் அளந்தது. வெட்டவெளியில் உழைப்பவரின் உடம்புக்கு அதைவிட அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர எளிதில் ஆவியாகாது. கட்டடத்திலும் வயலிலும் நிற்பவருக்கு நிழலும் தண்ணீரும் உச்சிவேளை ஓய்வும் கொடுப்பதை இரக்கம் என்று சொல்லாதீர்கள். அது உரிமை.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். உழைக்கும்போது வியர்த்துக்கொண்டிருக்கையிலேயே வெப்பவாதம், அதாவது உடல் சூடு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏறும் ‘ஹீட் ஸ்ட்ரோக்’, வரலாம். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் தாமதிக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள். அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ‘கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று அவரே சொன்னாலும் தனியே விட்டுப் போகாதீர்கள்.