என் மகளின் 23 நாள்

வணக்கம். குறைமாதக் குழந்தையின் அப்பாவாகப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சட்டென்று பதில் வரவில்லை, ஏனென்றால் என்னை அவளுடைய அப்பா என்று யாரும் சொல்லி வெகு நாளாகிவிட்டது.

37 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது குறைப்பிரசவம். என் மகள் 26-வது வாரத்தில் பிறந்தாள், எடை 780 கிராம். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படி முன்கூட்டியே பிறக்கிறது, 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். அன்றைக்கு எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்றுதான் தோன்றியது.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனேன். இருப்பதிலேயே சின்ன டயப்பரைத்தான் கட்டியிருந்தார்கள், அதையும் மடித்துக் கட்டியும் நெஞ்சு வரை வந்திருந்தது. இன்குபேட்டரின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு ஒரு விரலால் மெல்லத் தடவினேன், உடனே மானிட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய்க் கையை இழுத்தேன். நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்: "தடவாதீங்க சார், அவங்க தோலுக்கு அது தாங்காது. ஒரு கையைத் தலையில வைங்க, இன்னொரு கையைப் பாதத்துல வைங்க, அசைக்காம சும்மா வச்சிருங்க." வைத்தேன். 84 என்று இருந்த ஆக்சிஜன் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 92-க்கு வந்தது. நான் அவளுக்குச் செய்த முதல் காரியம் அதுதான்.

அந்தப் பிரிவில் அப்பாக்களைப் பார்த்தாலே தெரியும், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார்கள். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் விரியாமல், இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்துபோனான். அவ்வளவு அதிகாரம் இருந்த அப்பாவும் நின்று பார்க்கத்தான் முடிந்தது. இன்று நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மருந்து இருக்கிறது, அந்தக் குழந்தை அளவுக்கு வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள்.

12-வது நாள், டியூப்களோடு அவளை என் வெறும் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்பார்கள், 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை. இப்போது உலக சுகாதார நிறுவனமே பிறந்தவுடன் கூடிய சீக்கிரம் இதைத் தொடங்கச் சொல்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது, அசையவில்லை. உங்கள் குழந்தை இப்போது அங்கே இருந்தால், நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமா என்று தினமும் கேளுங்கள், அப்பாக்களும் கேளுங்கள்.

23-வது நாள் குடல் அழற்சியில் போய்விட்டாள். டியூப், பிளாஸ்திரி எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தோம்.

அதற்கப்புறம் ஒன்று நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. என் மனைவிக்குப் பால் நிற்கவில்லை. அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் அலாரம் வைத்து, பம்ப்பில் எடுத்து ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியும் நேரமும் எழுதி வைத்தவள். குழந்தைக்கு டியூப் வழியாக ஒரு தடவைக்கு ஒரு மில்லிதான் போகும், மீதியெல்லாம் ஃப்ரீசரில் இருந்தது. சில தாய்மார்கள் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கிறார்கள், சிலரால் முடியாது. இரண்டுமே சரி. ஆனால் பால் கட்டினால் என்ன செய்வது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அந்தத் தாய்க்கு ஒருவராவது சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்போது டிஸ்சார்ஜ் என்று கேட்காதீர்கள், டாக்டருக்கே தெரியாது. குழந்தை பிறந்திருக்கிறது, முதலில் வாழ்த்துச் சொல்லுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் நாங்கள் சொல்லவே மாட்டோம். என் நண்பன் ஒருவன் அதைக் கேட்கவே இல்லை, 23 நாளும் சாயங்காலம் வந்து மூத்தவனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனான், ராத்திரி "தூங்கிட்டான், பதில் போட வேண்டாம்" என்று மட்டும் செய்தி அனுப்புவான். அப்புறம், குழந்தை தவறிவிட்டால், "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அவளுக்குப் பதிலாக இன்னொருவர் வர முடியாதே.

நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ தினம். அன்றைக்கு ஊதா நிறத்தில் விளக்குகள் எரியும். போன வருடம் அதே நாளில் அந்த நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான், பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "பாப்பா எப்படி இருப்பா? நான் பார்க்கவே இல்லையே" என்றான். என் மனைவி உள்ளே இருந்து எழுந்து வந்து உட்கார்ந்தாள். தோளிலும் முதுகிலும் பூனைமுடி இருக்கும் என்றாள். வெளிச்சம் பட்டால் புருவத்தைச் சுருக்குவாள் என்று நான் சொன்னேன். அப்பா மாதிரியே என்றாள் அவள்.